முத்திரையும் உரித்தும்

இலட்சக்கணக்கில் கொடுத்துக் காணி வாங்குகிறவர், சட்டத்தரணியின் கட்டணத்தில் மட்டும் பேரம் பேசுவார். அது வீண்செலவு என்ற எண்ணம் நம்மவரிடம் பரவலாக உண்டு. நீண்டகாலம் நீதிமன்றச் செய்திகளை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் கண்ட காணி வழக்குகளிற் பல, கையெழுத்திடுமுன் ஒருநாள் செலவிட்டுப் பத்திரங்களைப் பார்த்திருந்தால் பிறந்தே இரா.

இறக்காமத்தை எடுத்துக்கொள்வோம். குளமும் வயலுமாக விரிந்த ஊர். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் உருமாற்றிய வட்டாரம். இப்பகுதிகளில் பரம்பரை உறுதிக் காணியும் அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியும் உண்டு. வரப்பில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பச்சை. சட்டத்தின் கண்ணுக்கு அவை வேறுவேறு.

கட்டாரில் உழைத்துத் திரும்பிய, எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அங்கே இரண்டு ஏக்கர் வயலுக்கு விலை பேசினார். நொத்தாரிசு எழுதிய உறுதி விற்பவரின் கையில் இருந்தது. முற்பணம் கொடுப்பதற்கு முதல்நாள், காணி, வியாபார விவகாரங்களிலேயே தலைநரைத்த கல்முனைச் சட்டத்தரணி ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் நேரே காணி விபரம் எழுதிய அட்டவணையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “தம்பி, இது பெர்மிட் காணி. பிரதேச செயலாளர்ர சம்மதக் கடிதம் எங்க?” என்றார். அப்படியொரு கடிதம் இல்லை. விற்பவர் ஏமாற்றுக்காரரும் அல்லர். அவரும் இதே உறுதியை நம்பித்தான் வாங்கியிருந்தார்.

1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. மறுபுறம், தனியார் காணி கைமாற நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். அதனால் நொத்தாரிசின் முத்திரை விழுந்தால் போதும் என்று மக்கள் நம்பிவிட்டார்கள். முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி, உரித்துக்கு அல்ல.

உரித்தை அறியக் காணிப் பதிவகத்தில் ஏடு புரட்ட வேண்டும். ஒருவர் தம் உறுதியைப் பதியாமல் பெட்டியில் வைத்திருக்க, அதே காணியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கிய இன்னொருவர் மோசடியின்றிப் பதிந்துவிட்டால், பொதுவாகப் பதிந்தவருக்கே முதன்மை.

இன்னொரு வினை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் மகளுக்கு வீடுவளவு கொடுத்து மணமுடித்து வைப்பது வழக்கம். ஆனால் அனுமதிப்பத்திரக் காணிக்குப் பின்னுரித்தாளரின் பெயரைக் குறிக்காமல் வாப்பா மௌத்தாகிவிட்டால், உம்மாவின் காலத்துக்குப் பிறகு மகன்களையே, அதிலும் மூத்தவரையே, சட்டத்தின் வரிசை முன்னிறுத்தியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த ஆண், பெண் பேதத்தை நீக்கியது. ஊர் வழக்கம், சட்டம் இரண்டையும் அறிந்த சட்டத்தரணியோ, வாப்பா இருக்கும்போதே மகளின் பெயரைப் பதியச் சொல்லியிருப்பார்.

அனுபவத்தின் பெறுமதி இதுதான். சட்டப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றே. எந்தக் கடதாசி குறைகிறது என்று கேட்கத் தெரிவதுதான் அரிது. கடல்கடந்திருந்து அற்றோணித் தத்துவம் அனுப்பி ஊரில் காணி வாங்கும் நண்பர்கள், உறவினரை நம்புங்கள், தவறில்லை. ஆனால் விற்பவருக்குச் சார்பில்லாத, தேர்ந்த சட்டத்தரணி ஒருவர் பத்திரங்களைப் பார்த்து முடிக்கும்வரை முற்பணத்தை அனுப்பாதீர்கள்.