நட்பு அழைப்பை ஏன் ஏற்பதில்லை

என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களின் முகநூல் நட்பு அழைப்பை நான் ஏற்பதில்லை. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன். பிறகு தெரிந்தால் மனம் நோகும். அவர்கள் பக்கத்தைத் தேடிப் பார்ப்பதும் இல்லை. அவர்களாகச் சொல்லாததை நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

எங்கள் நோணாங்குப்பம் சின்ன ஊர். சுண்ணாம்பாறு படகுக் குழாமில் வேலை பார்ப்பவரை அரியாங்குப்பம் வரை ஆட்களுக்குத் தெரியும். அவர் படத்துக்கு நான் ஒரு லைக் போட்டால் போதும், "அந்தம்மாவை உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று வீட்டில் கேள்வி வரும். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதித்திருந்தால், கைப்பேசியில் எண்ணைச் சேமித்தாலே முகநூல் எங்களை ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கக்கூடும். அதனால் தொழிலுக்குத் தனி எண் வைத்திருக்கிறேன்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மனநோய் உள்ளவருக்கு ரகசியக் காப்பை உரிமையாகவே தருகிறது. மின்னணுத் தகவலுக்கும் அது பொருந்தும் என்கிறது 24ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான்.

பெயரை மாற்றி ‘ஒரு கேஸ்’ என்று பதிவு போடும் சக ஆலோசகர்களே, ஊரும் வயதும் தொழிலும் இருந்தால் இங்கே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தயவுசெய்து அவற்றை நீக்கிவிடுங்கள்.