வானத்தில் கோடு இல்லை

1992ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நான் ஜேர்மனிக்கு வந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. அசூல் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, வடக்கே ஒரு சின்ன ஊரில், ஆறு பேருக்கு ஓர் அறை என்றிருந்த முகாமில் காலம் போய்க்கொண்டிருந்தது. ஹம்பேர்க்கில் இருந்த மச்சானுக்குப் பெண்பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள். "நீயும் வராவிட்டால் எங்களுக்கு இங்கே ஆர் இருக்கினம்?" என்று தொலைபேசியில் கேட்டார். ரிக்கெற் எடுத்து ரயில் ஏறிவிட்டேன்.

ஹம்பேர்க்கில் இறங்கியதும் பொலிஸார் இருவர் மறித்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். தயங்காமல் எடுத்து நீட்டினேன். அட்டை இருந்தது, ரிக்கெற் இருந்தது, பயப்பட என்ன இருக்கிறது? ஆனால் அந்த அட்டையிலேயே ஒரு வரி இருந்தது. அனுமதியில்லாமல் குறித்த மாவட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது என்ற வரி. அன்றைய அசூல்காரருக்கு அதுதான் சட்டம். அந்த வரியை வாசிக்க எனக்கு மொழி தெரியாது. ரயில் எந்த இடத்தில் மாவட்ட எல்லையைத் தாண்டியது என்பதும் தெரியாது. யன்னலுக்கு வெளியே வயலும் மாடும்தான் தெரிந்தன. கோடு ஒன்றும் தெரியவில்லை.

மூன்று மணித்தியாலம் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளையைப் பார்க்கவில்லை. வாங்கிய சட்டை பையிலேயே கிடந்தது. இரண்டு கிழமையில் தண்டப்பணக் கடிதமும் வந்தது. வழக்கே பிழைத்துப் போய்விடுமோ என்று இரவிரவாக நித்திரை இல்லை.

வியாழக்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சம்பளம் வாங்காமல் வந்து எங்களுக்கு ஜேர்மன் படிப்பிப்பார். கடிதத்தை அவரிடம்தான் காட்டினேன். வாசித்துவிட்டு, "இதை முதலே கேட்டிருக்கலாமே?" என்றார். யாரிடம் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்றுதான் நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு பத்திரிகைச் செய்தியை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு விமானத்தைப் பற்றி, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1993இல் வெளியிட்ட இரண்டாவது அறிக்கை. "உன்னுடைய ரயில் கதைக்கு அண்ணன் கதை இது" என்றார். சொல் சொல்லாக மொழிபெயர்த்துப் படித்தோம். அதன்பிறகு கிடைத்த இடமெல்லாம் தேடிப் படித்தேன்.

அது கொரியன் எயார் லைன்ஸ் 007. நியூயோர்க்கில் புறப்பட்டு, அலாஸ்காவில் அங்கரேஜ் விமான நிலையத்தில் தரித்து, சியோல் போகவேண்டிய போயிங் 747. விமானம் தானாகப் பறப்பதற்கு ஒரு கருவியும், அதற்கு ஒரு திருகு குமிழும் உண்டு. ஒரு நிலையில் வைத்தால், கணனியில் பதிந்த பாதையைப் பிடித்துக்கொண்டு போகும். இன்னொரு நிலையில் வைத்தால், திசைகாட்டி காட்டிய ஒரே திசையில் நேரே போய்க்கொண்டிருக்கும். குமிழ் இரண்டாவது நிலையிலேயே விடப்பட்டிருக்கவேண்டும், அல்லது பாதையை விட்டு அதிகம் விலகிய பிறகு திருப்பியிருக்கவேண்டும் என்று அறிக்கை சொன்னது. பாதைக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீற்றருக்குள் நின்றால்தான் கருவி அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே பறந்தார்கள். தரையோடு நேரே பேச எட்டாமல், பின்னால் வந்த தங்கள் கம்பனியின் இன்னொரு விமானத்தின் மூலம் செய்தி சொல்லவேண்டி வந்தது. அதுவே ஓர் எச்சரிக்கைதான். ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. விமானம் சோவியத் நாட்டின் கம்சற்கா குடாநாட்டைத் தாண்டி, கடலைத் தாண்டி, சகலின் தீவுக்கு மேலே வந்தபோது பாதையிலிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல் விலகியிருந்தது. அன்றிரவு அந்தப் பக்கத்தில் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் பறந்திருந்தது. கீழே இருந்தவர்கள் இதையும் அப்படித்தான் எண்ணினார்கள். 1983 செப்ரெம்பர் 1ஆம் திகதி விடியமுன், சுகோய் 15 போர்விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தியது. 269 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

சுட்ட விமானி ஒசிப்போவிச் பல வருஷங்களுக்குப் பிறகு பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். யன்னல்கள் வரிசையாக இருப்பதைத் தான் கண்டதாகவும், அது போயிங் வகை விமானம் என்று கீழே சொல்லவில்லை என்றும், அவர்கள் தன்னிடம் கேட்கவில்லை என்றும் சொன்னார். நான் இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. மேலே பறந்தவர்கள் குமிழைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே இருந்தவர்கள் கேட்கவில்லை. கண்டவர் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் ஒரு வார்த்தைதான் குறைவு.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் உலகம் எழுதிவைத்தது. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வானம் முழுதும் தனக்கே சொந்தம் என்று சொல்கிறது. 1984 மே மாதம் அதிலே புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். வழிதவறி வந்தாலும், பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பாவிக்கக்கூடாது; மறித்து இறக்கலாம், உள்ளே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பது அதன் சாரம். போதிய நாடுகள் ஏற்று அது நடைமுறைக்கு வர 1998 ஆகிவிட்டது. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் வழிகாட்டுகிற செய்மதி முறையை, முடிந்ததும் பொதுமக்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்க அரசு அறிவித்ததும் அதே 1983 செப்ரெம்பரில்தான்.

வேண்டுமென்றே எல்லை தாண்டியவர்களும் உண்டு. எங்கள் ஆசிரியர் சிரித்துச் சிரித்துச் சொல்லுவது மத்தியாஸ் ருஸ்ற் கதை. ஹம்பேர்க் பக்கத்துப் பெடியன். பத்தொன்பது வயது நிரம்பச் சில நாட்கள் இருக்க, 1987 மே 28ஆம் திகதி, ஒரு சின்ன செஸ்னா விமானத்தில் ஹெல்சிங்கியிலிருந்து பறந்து மொஸ்கோ செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டான். அன்று சோவியத் எல்லைக் காவலர் தினம்! போர்விமானம் கிட்ட வந்து பார்த்தது, சுடவில்லை. நாலு வருஷத் தண்டனை கிடைத்தது. அடுத்த வருஷம் விட்டுவிட்டார்கள். பாதுகாப்பு அமைச்சரின் பதவிதான் போனது.

ஆசிரியருக்கு நான் பதிலுக்கு ஒரு கதை சொன்னேன். ருஸ்ற் பறந்து சரியாக ஒரு கிழமை. 1987 ஜூன் 4ஆம் திகதி, யாழ்ப்பாணம், பின்னேரம். எங்களுக்குப் பழக்கமில்லாத விமானச் சத்தம். பழக்கமான சத்தமென்றால் குண்டுதான் வரும். பழக்கமில்லாததென்றால் இன்னும் பெரிய குண்டு என்று நினைத்தோம். அம்மாச்சியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். கொஞ்ச நேரத்தில் வெளியே சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள்: "குடை குடையாய் விழுது!" எட்டிப் பார்த்தால் பரசூட்டுகள். இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் 32 விமானங்கள், மிராஜ் போர்விமானங்கள் காவலாக வர, சுமார் 25 தொன் உணவும் மருந்தும் போட்டுவிட்டுப் போயின. தன் வான் எல்லையை மீறிவிட்டார்கள் என்று இலங்கை அரசு கண்டித்தது. அந்த அரசியலை நான் இங்கே பேச வரவில்லை. அரிசிக்குப் பயந்து குழிக்குள் ஓடினோமே, அதைத்தான் சொல்லவந்தேன். கீழே நிற்பவனுக்கு மேலே வருவது யார் என்று சத்தத்தில் தெரியாது. சகலினில் இருந்தவர்களின் பயம் எனக்கு விளங்காமலில்லை. ஆனால் எங்கள் கையில் பயம் மட்டும்தான் இருந்தது. அவர்கள் கையில் ஏவுகணை இருந்தது. அது இருக்கிறவன் கேட்டே ஆகவேண்டும்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, இந்தக் கதைகளை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நாடுகளில் எங்கள் காலடியில் கோடுகள் அதிகம். நிலத்தில் ஒன்றையும் காணமாட்டீர்கள். கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும், அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும், ஒரு திகதிக்குள் போடவேண்டிய கையெழுத்தில் இருக்கும். யாரோ குமிழைச் சரியாக வைத்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். விளங்காத கடிதத்தை மொழி தெரிந்தவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். கேட்பது வெட்கமில்லை. உங்களை ஒருவர் மறித்தால், யார், எங்கே போகிறேன், ஏன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் வாசலுக்கு வழிதவறி ஒருவர் வந்தால், முதலில் கேளுங்கள்.

மச்சானின் மகளை நான் நாலு மாதம் கழித்துப் பார்த்தேன். அனுமதிக் கடிதத்தை எப்படிக் கேட்டு எழுதுவது என்று ஆசிரியர்தான் காட்டித்தந்தார். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி போனேன். ஒருவரும் மறிக்கவில்லை. பிள்ளை குப்புறப் பிரண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாங்கிவைத்த சட்டைதான் சின்னதாகிவிட்டிருந்தது.