ஊட்டை விட்டுப் போறது யாரு?

பக்கத்து ஊட்டு மகளுக்குப் போன கிழமை கல்யாணம் முடிஞ்சிது.
இண்டைக்குக் காலையில அவட உம்மாவும் வாப்பாவும் அலுமாரியத் தூக்கிப் பின் வளவுக்குக் கொண்டு போறாங்க.
குசினியோட ஒட்டின தகரக் கூரை அறை.
இனி அதுதான் அவங்கட ஊடு.

கொழும்பில படிக்கிற நேரம் கூட்டாளிமார் கேப்பாங்க, எப்ப ஊட்டை விட்டுத் தனியாப் போறாய் எண்டு.
நம்மட கிழக்கில, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் கதை வேற.
மாப்பிள்ளை பொண் ஊட்டுக்கு வருவார். ஊடு மகளுக்குச் சீதனம்.
வெளியேறுறது பெத்தவங்க.
1969இல அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்கு வந்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயும் இத விரிவா எழுதியிருக்கார்.

பொம்பிளைப் பிள்ளைக்குச் சொந்தமா ஒரு ஊடு இருக்கிறது பெரிய பலம். அத நான் விட்டுக் குடுக்க மாட்டன்.
ஆனா மூணு தங்கச்சி உள்ள நானாமார் கட்டார் வெயில்ல நிண்டு, கல்லுக்கும் சீமெந்துக்கும் காசு அனுப்புறாங்க.
வயசு முப்பத்தஞ்சு தாண்டியும் அவங்களுக்குக் கல்யாணம் இல்ல.
வளவைப் பிரிச்சுப் பிரிச்சு, இனிப் பிரிக்கக் காணியும் இல்ல.

தங்கச்சிமாரே, மச்சான்மாரே,
ஊடு உங்கட பேர்லயே இருக்கட்டும். முன் அறைய உம்மா வாப்பாவுக்கு விடுங்களன்.
நம்மட ஊர்ல அப்படிச் செஞ்சவங்க யாரும் இருக்கிறீங்களா?