தீவாருக்குக் குளிர் ஒத்துவராதாம்!

யாழ்ப்பாணத்துத் தீவுகளான புங்குடுதீவு, நயினாதீவு வெயிலில் வளந்த உடம்பு பனிக்குத் தாங்காது எண்டு இப்பவும் சிலர் சொல்லினம். அப்பிடியெண்டால் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில, மீன் தொழிற்சாலையளில எங்கட தமிழ்ச்சனம் எப்பிடி நிண்டு பிடிச்சது? அங்க வார்டோவில நவம்பர் கடைசியிலயிருந்து ஜனவரி நடுப்பகுதி மட்டும் சூரியனே எழும்பாது. அந்த இருட்டில, ஈரக் கையுறைக்குள்ள விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டவேணும். இதுக்கு உடம்பைவிடச் சொல்லித்தர ஆள்தான் தேவை. பருத்தி பெனியன் வேர்வையில நனைஞ்சால் குளிர் ஏறும், கம்பளி ஈரத்திலயும் சூடு காக்கும். மாரியில விற்றமின் டி காணாது, நோர்வேக்காரரே மீனெண்ணெய் குடிச்சுத்தான் சமாளிக்கினம் (எங்களுக்கு அந்த மணம் புதுசோ!). முதல் போனவை பின்னால வந்தவைக்கு இதுகளையும் சொல்லி, வேலையும் பிடிச்சுக் குடுத்தினம்.

“அப்ப ஏன் கனபேர் ஒஸ்லோவுக்கு ஓடினவை?” எண்டு கேப்பியள். கேக்கத்தான் வேணும். ஆனால் ஒஸ்லோவிலயும் பனிதானே கொட்டுது! பிள்ளையளின்ர படிப்பு, வேற வேலை, கோயில், சொந்தபந்தம் எண்டு போனதைக் குளிரின்ர கணக்கில எழுதேலாது. சுவிஸ், கனடாவில புங்குடுதீவாற்ற ஊர்ச்சங்கங்களைப் பாருங்கோ, சனம் சனத்தோடதான் சேரும். ஆனால் அப்பிடிச் சேர ஆளில்லாமல், இப்ப மாணவர் விசாவில தனிய ரொறன்ரோவில வந்திறங்கிற பொடியனுக்கு, எந்தச் சப்பாத்து ஐஸில வழுக்காது எண்டு சொல்ல ஆர் இருக்கினம்?