பீலிக்கரையில் கேட்ட பேர்

அன்புத் தோழி,

அட்டனில் விடாத தூறல். அசப்பில் நம்ம கோத்தகிரிதான். அதே சரிவு, அதே கொழுந்து வாசம். இந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர் அங்கே வந்து, நம்ம மலையை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. அப்பாவின் குனிந்த தலையை நான் வேறு விதமாக நினைத்திருந்தேன்.

அம்மா போன பிறகு ட்ரங்குப் பெட்டியில் கிடைத்த கடிதங்களைச் சொன்னேனே, அந்த முகவரி இன்னும் இருக்கிறது. தோட்டத்து லயம் இருக்கிறது. அக்காவும் இருக்கிறாள். அவளைப் பெற்றவள்தான் இல்லை.

1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அப்பா தன் பெற்றோரின் குடியுரிமை விண்ணப்பத்தில் இருந்தார். இந்தியா என்று வந்தது. அவர் தாலி கட்டியவள் அவளுடைய அப்பா விண்ணப்பத்தில். கல்யாணத்தைப் பதிந்திருக்கவில்லை. 1973இல் அவர் ஏறிப்போன ரயிலை இங்கே ‘அழுகைக் கோச்சி’ என்கிறார்கள். தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. அன்றைக்கு அக்காவுக்கு ஆறு மாதம்.

நேற்று பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். குடத்தோடு வந்த ஒரு பாட்டி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பினேன். காம்பரா வாசலில் நின்ற அக்காவும் திரும்பினாள்.

அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, உனக்குத் தெரியும். ‘ஏ புள்ள’தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுகூட, வாத்தியார் கேட்டதற்கு என்னைத்தான் சொல்லச் சொன்னார். பேர் வைத்தவரும் அவரேதான். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவருக்காகவா எனக்காகவா, தெரியவில்லை.

அக்காவுக்குக் கோபமில்லை. தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, “அப்பா பால் தேத்தண்ணியா குடிப்பாரு, வெறும் தேத்தண்ணியா?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரே வீட்டில் பதினாறு வருஷம் இருந்திருக்கிறேன்.

அவரைப் பிரித்துக் கப்பலேற்றியது இரண்டு அரசாங்கங்கள். அதில் அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் கடிதங்களை நீயும் பார்த்தாய். திரும்பத் திரும்பப் பிரித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தன. ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்கிறாள் அக்கா. இத்தனை முறை படித்தவர் ஒரு வரி எழுதியிருக்கலாமே? அவள் பேரை எனக்கு வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே இருந்தாரே, அதை எந்த ஒப்பந்தத்தில் சேர்ப்பது? நேற்று ராத்திரி முழுக்க மன்னித்துப் பார்த்தேன். இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

அக்கா கால் கிலோ தேயிலைத் தூள் கட்டிக் கொடுத்திருக்கிறாள், அப்பாவுக்கென்று. ஊருக்கு வந்ததும் உன்னிடம் தருகிறேன். நீ கொண்டுபோய்க் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால், பேரை மட்டும் சொல்.

உன் தோழி