எண்ணெய் எங்கே போகிறது?

கல்வராயன் மலைக்கு அழைத்துச் செல்வதாகப் பிள்ளைகளுக்கு நான் வாக்களித்து மூன்று பெருநாள்கள் கடந்துவிட்டன. நான்காவது நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், அம்மா, மனைவி, பிள்ளைகள் இருவர் ஆகியோரை ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டேன். ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல்தான் தனி மாவட்டமாயிற்று.

"வண்டி நன்றாக இருக்கிறதா?" என்று அம்மா கேட்டார். "நன்றாக இருக்கிறது" என்றேன். அந்தப் பதிலில் ஓர் உண்மையை நான் மறைத்திருந்தேன். பிரேக் எண்ணெய் நிற்கும் சிறு குப்பியில் அளவு குறைவதை ஒரு மாதமாகக் கண்டுவந்தேன். மூன்று முறை ஊற்றி நிரப்பினேன். ஏன் குறைகிறது என்று ஒருமுறைகூட என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

கச்சிராயபாளையம் வரை கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பிறகு மலைப்பாதையில் ஏறினோம். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு. ஆகவே குறையும் வெளிப்படவில்லை. வெள்ளிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், கரியாலூரில் தேநீர் அருந்த நிறுத்தினேன். இலேசான சரிவுதான். கைப்பிரேக்கை முழுவதும் இழுத்துவிட்டு இறங்கினேன். வண்டி மெல்ல நகரத் தொடங்கியது. ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். குனிந்தபோதுதான் இடப் பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாய் மினுங்குவது கண்ணில் பட்டது.

'முன்சக்கரங்களில் பிரேக் இருக்கிறதே, மெதுவாக இறங்கிவிடலாம்' என்று என் மனம் சமாதானம் சொல்லிற்று. அம்மா கல்லையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "சும்மா நிற்கும்போதே நிற்காத வண்டியில் என் பேரப்பிள்ளைகளை ஏற்றுவாயா?" என்றார். வண்டியைத் தேநீர்க் கடையருகே சமதளத்தில் விட்டுவிட்டு, அனைவரும் பேருந்தில் ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலை எங்கள் ஊர் மேஸ்திரியிடம் போனேன். ஸ்பானரை எடுப்பதற்குமுன் அவர் கேள்விகளை எடுத்தார். எண்ணெய் குறைகிறதா? மிதிக்கும்போது பெடல் கீழே போகிறதா? வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றேன். "பாய், எண்ணெய் குறைஞ்சா எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். ஊத்தினீங்க சரி, எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

வேண்டிய உதிரிப்பாகங்களை வாங்கிக்கொண்டு இருவரும் பேருந்தில் மலையேறினோம். முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கியால் பின்புறத்தைத் தூக்கித் தாங்கிகளின்மேல் நிறுத்தினார். கைப்பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். வலச்சக்கரம் உடனே நின்றது. இடச்சக்கரம் என்னைப் பொருட்படுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

டிரம்மைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்க, எண்ணெய் சொட்டியது. பிரேக் ஷூக்களின் லைனர் அதில் ஊறிக் கறுத்திருந்தது. உராய்ந்து நிறுத்த வேண்டிய பொருள் வழுக்கும் பொருளாகிவிட்டது. கைப்பிரேக்கும் அதே பின் ஷூக்களைத்தான் விரிக்கிறது. ஆகவேதான் அதுவும் கைவிட்டது. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்குகளே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றன. சமவெளியில் பின்பிரேக்கின் குறை பல நாள் மறைந்திருப்பது அதனால்தான்.

சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவச் சொன்னார். துருப்பிடித்துச் சொரசொரவென்றிருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும். துரு ரப்பரை அறுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 'டாட் 3' வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், பெடல் குமிழியை அமுக்குமேயன்றிச் சக்கரத்தை நிறுத்தாது.

மலையில் எவ்வளவு வெப்பம் எழுந்துவிடும் என்று கேட்கலாம். ஆட்களோடு 1000 கிலோ எடையுள்ள வண்டி 600 மீட்டர் உயரத்தை பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், ஏறத்தாழ 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அந்தச் சிறு இரும்புகளில் சேரும். இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வந்து, எஞ்சினை வேகத்தைத் தடுக்கவிடுவது இதனால்தான்.

செலவுக்கு அஞ்சிய நான் இரண்டு குறுக்குவழிகளைச் சொல்லிப் பார்த்தேன். "லைனரை உப்புத்தாளால் தேய்த்தால் போதாதா?" "ஊறினது ஊறினதுதான், பாய். சூடேறினா மறுபடி கக்கும்." "அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயை மட்டும் அடைத்துவிட்டால்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "அடைச்சுக் கொடுக்கிறவங்க இருக்காங்க. நான் செய்யமாட்டேன். கீழே உங்க அம்மா இருக்காங்களே."

இருபுறமும் சிலிண்டர்களையும் ஷூக்களையும் மாற்றினார். ஒருபுறம் மட்டும் புதிதானால் வண்டி ஒருபுறம் இழுக்குமாம். டிரம்முக்குள் இருந்த தூசியை நான் ஊதப்போனேன். தடுத்து, ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குப் பகை. ரப்பர் பாகங்களைப் பெட்ரோலால் கழுவவில்லை. பெட்ரோல் பட்டால் அவை உப்பிக் கெட்டுவிடும்.

பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கினார்; அந்த வரிசை வண்டிக்கு வண்டி மாறுமாம். "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்ற அவர் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டேன். கண்ணாடிபோன்ற குழாயில் முதலில் கடுங்காப்பி நிறத்தில் எண்ணெய் வந்தது, பின் குமிழிகள், இறுதியில் தெளிந்த புது எண்ணெய். பெடல் காலின்கீழ் கெட்டியாக நின்றது.

சமதளத்தில் மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். முந்தைய நாளின் அதே சரிவில் கைப்பிரேக்கை இழுத்தேன், வண்டி அசையவில்லை. மலையடிவாரத்தில் இறங்கியதும், மேஸ்திரி இரு பின்சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். இரண்டும் ஒரே அளவு.

அடுத்த வாரம் அம்மாவை வண்டியில் ஏற்றினேன். "நிற்குமா?" என்று மட்டும் கேட்டார். உடனே பதில் சொல்லவில்லை. குப்பியில் எண்ணெயின் அளவைப் பார்த்தேன். குனிந்து நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்த்தேன். பெடலை மிதித்துப் பார்த்தேன். அதன்பிறகே "நிற்கும் அம்மா" என்றேன்.