மாஸ்டர் இல்லாத ஸ்டேஷன்

மதுரை ஜங்ஷனைப் பார்த்த நேயர்கள் அநேகர் இருப்பார்கள். அங்கிருந்து போடிநாயக்கனூர் செல்லும் பாதையில், அரை மணிப் பிரயாணத்துக்குள் எட்டிவிடும் வடபழஞ்சி ஸ்டேஷனைப் பார்த்தவர்களோ வெகு சொற்பம்.

சென்ற விடுமுறையில் நாம் குடும்ப சகிதமாகக் காலை வண்டியில் அங்கே போய் இறங்கினோம். வண்டி சற்றே நின்றது. மறந்துபோன ஏதோ ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டாற்போல் உடனே கிளம்பிவிட்டது. நாகமலை, பெயருக்கேற்ப, நீண்டு படுத்துக் கிடந்தது. ஊர்ப் பெயரைத் தாங்கிய மஞ்சள் பலகை ஒன்றே நம்மை வரவேற்றது. அவ்வேளையில் ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை. கொடி பிடிப்பவரும் இல்லை.

"டிக்கெட்டை யார் அப்பா பார்ப்பார்கள்?" என்று கேட்டான் நம் புதல்வன்.

நாம் பதில் சொல்லவில்லை. காரணம் உண்டு. மதுரையில் டிக்கெட் ஜன்னலுக்கு முன் நீண்டிருந்த வரிசையைக் கண்டதும், 'இவ்வளவு கிட்டத்துக்கு யார் சோதிக்கப் போகிறார்கள்?' என்ற சபலம் ஒரு க்ஷணம் நமக்கும் தட்டியது. பிள்ளைகளுக்கு நீதி போதிக்கும் உத்தியோகமாயிற்றே என்று வரிசையில் நின்றோம். மனமுவந்து நின்றோம் என்று சொல்வதற்கில்லை.

நம்முடன் இறங்கிய பெரியவர் ஒருவர் மடியிலிருந்து தம் டிக்கெட்டை எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

"யாரும் பாக்கலேன்னு எடுக்காம வந்தா, வடபழஞ்சிக்கு ஆளே வர்றதில்லேன்னு கணக்கு எழுதிப்புடுவாக, தம்பி. எங்க அப்பாரு காலத்துல ஒருக்கா, எங்காலத்துல ஒருக்கா, ரெண்டு தடவை போயித் திரும்பின வண்டி இது."

அவர் சொன்னது சரித்திரம். சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-இல், தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். யாருடைய யுத்தத்துக்கோ நம் கிராமத்தார் பாதையை இழந்தார்கள்! சுதந்திரம் வந்த பிறகு, 1950-களில்தான் மறுபடி ரயில் ஓடிற்று. 2010-ஆம் ஆண்டு முடிவில், அகலப் பாதையாக்குவதற்காக மீண்டும் நிறுத்தினார்கள். 2022 மே மாதத்தில் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடி வரைக்கும் வண்டி திரும்பி வந்தது.

ஆள் இல்லாத ஸ்டேஷன்கள் ஜப்பான் தேசத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றிலும் பிரயாணிகள் குறைந்தால் மூடிவிடுகிறார்கள். ஹொக்கைடோ தீவில் காமி-ஷிராதாகி என்ற சிறு ஸ்டேஷன் 2016 மார்ச்சில் அவ்விதம் மறைந்தது. நம் நாட்டிலும் சிறு ஸ்டேஷன்களின் ஆயுள் வருமானக் கணக்கில்தான் இருக்கிறது. ஊரார் எத்தனை பேர் ரயிலை நம்பியிருந்தாலும், டிக்கெட் வாங்காதவர் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை.

பெரியவர் விடைபெற்று நடந்தார். மத்தியானம் பஸ் ஏறித் திரும்பிவிடுவதாக நாம் உத்தேசித்திருந்தோம். அந்த உத்தேசத்தைக் கைவிட்டு, மலையடிவாரத்தில் பொழுதைப் போக்கிவிட்டு, மாலை ரயிலிலேயே திரும்பினோம், நாலு டிக்கெட்டுகளுடன்.